நீந்தி, மிதித்து, ஓடி: ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சேமிப்பு

'நேரம் கிடைத்தால் உடற்பயிற்சி செய்யலாம்' என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்ல, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் எந்த வீட்டிலும் இந்த வாக்கியம் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அத்தகைய எங்கள் வீட்டிலிருந்து ஒருவர், சென்ற டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோவாவின் கடற்கரையில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 5 கிலோமீட்டர் ஓடி முடித்தார். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு அவருக்கு நீந்தவே தெரியாது.

இக்கட்டுரையை எழுதுபவர் ஒருவரே ஆயினும், இதில் வரும் 'நாங்கள்' என்னும் சொல் எங்கள் இருவரையும் குறிக்கும். ஒருவர் பணியிட மாற்றத்தால் பணஜிக்கு வந்த வங்கி அலுவலர். மற்றவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் நீரில் இறங்குவதற்கு மற்றவர் வீட்டைத் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே இதனை 'நான்' என்று எழுதுவது நேர்மையாகாது.

ஓர் இரத்தப் பரிசோதனை

ஜூன் மாதத்தில் அலுவலகத்தில் நடைபெற்ற ஆண்டு மருத்துவப் பரிசோதனையில்தான் இது தொடங்கியது. கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில், வங்கி அலுவலரின் அளவு 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவு நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக மதிப்பிட்டது. அந்தப் பெருங்கூட்டத்தில் எங்கள் வீடும் சேர்ந்துவிட்டது.

எண்ணைக் காட்டிலும் எங்களை அச்சுறுத்தியது நினைவு. அலுவலரின் தந்தையார் நீரிழிவால் முதலில் கால்விரல்களையும் பின்னர்ப் பார்வையையும் இழந்தவர். இறுதி ஆண்டுகளில் பேரக்குழந்தையின் முகத்தைக் கைகளால் தடவி அறிந்துகொண்டவர். 'இப்போதைக்கு மருந்து வேண்டாம். எடையைக் குறையுங்கள், உடலை அசையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்றார் மருத்துவர். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பு வரைபடமும் பார்த்து, நடைத்தட்டில் ஓடவைத்துச் சோதித்த பிறகே, கடினமான பயிற்சிக்கு அவர் இசைவு தந்தார். நாற்பதைக் கடந்தவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதனை நாங்கள் முன்பே அறிவோம். அறிந்தும் செய்யாதிருந்தோம். 'உடலை அசைப்பது' என்னும் பொதுவான நோக்கம், முதிர்வு நாள் இல்லாத வைப்புத்தொகை போன்றது. இன்று போடலாம், நாளையும் போடலாம் என்றே தள்ளிப்போகும். எங்களுக்குத் தேவைப்பட்டது, நாளும் தொகையும் குறிக்கப்பட்ட ஓர் இலக்கு.

முத்திறப் போட்டி என்பது யாது?

டிரையத்லான் எனப்படும் முத்திறப் போட்டியில் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். இன்றைய வடிவில் இது 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 46 பேருடன் நடைபெற்றது. அங்கே கலந்துகொண்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், பின்னர் ஹவாயில் 1978-ஆம் ஆண்டு முதல் 'அயர்ன்மேன்' போட்டி தோன்றக் காரணமாயினர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட அந்த முதற்போட்டியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் முத்திறப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதில் தொலைவுகள் 1.5, 40, 10 கிலோமீட்டர் ஆகும்.

கோவாவில் 2019-ஆம் ஆண்டு முதல் 'அயர்ன்மேன் 70.3' என்னும் பாதித்தூரப் போட்டி மீராமார் கடற்கரையில் நடைபெற்றுவருகிறது. அதிகாலையில் அதனை வேடிக்கை பார்க்கச் சென்றபோது எங்களைக் கவர்ந்தவர்கள் முதலில் வந்த வீரர்கள் அல்லர். நரைத்த தலையுடன், பிள்ளைகளின் கூக்குரலுக்கிடையே, நடந்தும் ஓடியும் இறுதியில் வந்து சேர்ந்தவர்களே. இவர்களுக்கும் அலுவலகமும் வீடும் இருக்குமல்லவா என்று அன்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

புதியவர்களுக்கு ஏற்றது 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். டிசம்பர் தொடக்கத்தில் உள்ளூர்க் குழு ஒன்று நடத்தவிருந்த அத்தகைய போட்டியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு 24 வாரங்கள் இருந்தன. நீச்சல் தெரிந்தவருக்கு 12 வாரங்களே போதும். தெரியாதவருக்கு இருமடங்கு வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார்.

காத்திருந்த நேரம்

வேலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நேரத்தை எங்கே தேடுவது? வீட்டு வரவு செலவை எழுதுவது போல் ஒரு வாரம் முழுதும் எங்கள் நேரத்தை எழுதிப் பார்த்தோம். இரண்டு கசிவுகள் தெரியவந்தன. முதலாவது, இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் கரைந்த நேரம். நாளொன்றுக்கு ஒரு மணிக்குக் குறையவில்லை. இரண்டாவது வியப்பளித்தது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் வாரத்தில் மூன்று நாட்கள் நீச்சல் கற்றாள். அந்த முக்கால் மணி நேரமும் எங்களில் ஒருவர் குளத்தின் ஓரத்துப் பலகையில் அமர்ந்து காத்திருந்தோம். அதே நேரத்தில், அதே குளத்தின் மறுகோடியில், பெரியவர்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இவ்வாறு வாரத்தில் இரண்டே கால் மணி நேரம், யாரிடமும் கடன் வாங்காமல், எங்கள் கைக்கு வந்தது. படுக்கைக்குச் செல்லும் நேரத்தைப் பத்து மணிக்குக் கொண்டுவந்ததில் காலை ஐந்தரை மணியும் எங்களுடையதாயிற்று.

நீச்சல் கற்ற முதல் மாதம் நாணத்தின் மாதம். நாற்பத்தைந்து வயதில், இடுப்பளவு நீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமிழிவிடக் கற்பவரை, மகளின் தோழியர் பார்த்துச் சிரித்தனர். ஆயினும் அந்தக் குமிழியே அடிப்படை. புதியவர்கள் முகத்தை நீருக்குள் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். அதனால் உடலில் கரியமில வாயு சேர்ந்து, மூச்சுத் திணறுவது போன்ற அச்சம் எழுகிறது. நீருக்குள் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே இருந்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது உள்ளிழுக்கப் பழகியதும் பாதி நீச்சல் வந்துவிட்டது. ஆகஸ்டு இறுதியில் 25 மீட்டர் நீளத்தை நிற்காமல் கடந்தபோது, மறுகரையில் மகள்தான் கை கொடுத்தாள். 750 மீட்டருக்கு அதனை 30 முறை கடக்க வேண்டும். அதற்கு மேலும் ஏழு வாரங்கள் ஆயின.

வரவும் செலவும்

இது பணக்காரர்களின் விளையாட்டு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பல இலட்ச ரூபாய் விலையுள்ள மிதிவண்டிகள் இருப்பதும் உண்மையே. ஆனால் முதற்போட்டிக்கு அவை தேவையில்லை. எங்கள் கணக்கை அப்படியே தருகிறோம்.

பயன்படுத்திய ஹைபிரிட் மிதிவண்டி: ரூ. 13,000
அதனைச் செப்பனிட்டு டயர் மாற்றியது: ரூ. 1,500
தலைக்கவசம்: ரூ. 1,800
நீச்சல் கண்ணாடியும் தொப்பியும்: ரூ. 900
ஓட்டக் காலணி: ரூ. 4,200
நான்கு மாத நீச்சல் கட்டணம்: ரூ. 3,600
போட்டி நுழைவுக் கட்டணம்: ரூ. 3,000
மொத்தம்: ரூ. 28,000

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கவென மாதம் 2,300 ரூபாய் வீதம் ஓராண்டாகத் தொடர் வைப்பில் செலுத்திவந்தோம். 27,600 ரூபாயும் வட்டியுமாக அது முதிர்ந்தபோது இச்செலவு முழுவதையும் ஏற்றது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி இன்றும் நன்றாகவே ஓடுகிறது. மாதத் தவணையில் விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கும் ஆசை எங்களுக்கும் எழுந்தது. முதற்போட்டியை முடித்த பிறகும் அந்த ஆசை நீடித்தால் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

குறைக்கக் கூடாத செலவுகள் இரண்டு: ஒன்று தலைக்கவசம், மற்றொன்று காலணி. அத்துடன், உங்கள் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் 'விலக்குகள்' என்னும் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். சாகச விளையாட்டுகள் குறித்த நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும்.

பென்சிலால் எழுதிய கேள்வி

முதலில் நாங்கள் இருவருமே போட்டியில் கலந்துகொள்வதாக இருந்தோம். உண்மையில் எங்களில் நன்றாக நீந்துபவர் ஆசிரியைதான். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில், பம்புசெட் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர் அவர். ஆகவே இருவருக்கும் தனித்தனி அட்டவணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். திங்கள், புதன், வெள்ளி நீச்சல். செவ்வாய், வியாழன் ஓட்டம். சனி, ஞாயிறு மிதிவண்டி. தாளில் பார்க்க அழகாகவே இருந்தது.

ஐந்தாம் வாரத்தில் வீடு தடுமாறியது. ஆறு வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததை இருவருமே காலையில் கவனிக்கவில்லை. பள்ளியிலிருந்து தொலைபேசி வந்த பிறகே தெரிந்தது. அந்த வாரத்தில்தான் மகளின் பள்ளிக் கண்காட்சி நாளையும் மறந்தோம். அவளுடைய அட்டைப்பெட்டிக் கலங்கரை விளக்கத்தின் அருகே எங்கள் வீட்டார் எவரும் நிற்கவில்லை. அன்றிரவு அட்டவணையைப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே பென்சிலால் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'எங்கள் முறை எப்போது?'

நெடுநேரம் பேசினோம். உடல் நலம் யாருக்காக என்னும் கேள்வி எழுந்தது. பிள்ளைகளோடு நீண்ட நாள் வாழ்வதற்காகத் தொடங்கிய ஒன்று, பிள்ளைகளோடு இருக்கும் நாட்களையே தின்றுகொண்டிருந்தது. நேரம் என்பது இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு. ஒரே வேளையில் இருவரும் எடுத்தால் இருப்பு தீர்ந்துவிடும். மருத்துவர் குறித்த ஆறு மாதக் கெடு அலுவலருக்கே இருந்ததால், இவ்வாண்டு அவர் போட்டியிடுவது, அடுத்த ஆண்டு ஆசிரியை போட்டியிடுவது என்று முடிவு செய்தோம். இதனை எழுத வேண்டும் என்றார் ஆசிரியை. 'வாய்ச்சொல்லை உங்கள் வங்கியில் ஏற்றுக்கொள்வீர்களா?' என்று அவர் கேட்டபோது மறுமொழி இல்லை. அட்டவணையின் அடியில் தேதியுடன் எழுதி, இருவரும் கையொப்பமிட்டோம். விட்டுக்கொடுத்தவர் நன்றாக நீந்துபவர் என்பதை நாங்கள் இருவருமே மறக்கவில்லை.

புதிய அட்டவணை எளிமையானது. நீச்சல் மூன்று நாட்கள், மகளின் வகுப்பு நேரத்திலேயே. ஓட்டம் இரண்டு நாட்கள், காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை. மிதிவண்டி சனிக்கிழமை மட்டும், பிள்ளைகள் எழுவதற்குள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியே இல்லை. அது பிள்ளைகளின் முறை. ஆசிரியைக்கு மாலையில் ஒரு மணி நேரம், யாரும் கேள்வி கேட்காத நேரமாக, ஒதுக்கப்பட்டது. அதில் அவர் நடந்தார், நீந்தினார், சில நாட்கள் வெறுமனே படித்தார். மொத்தப் பயிற்சி நேரம் வாரத்திற்கு ஏறத்தாழ ஐந்து மணி. குறுந்தூரப் போட்டிக்கு இது போதும்.

செப்டம்பர் இறுதியில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு வரும் என்பது முன்பே தெரிந்ததே. அந்த வாரத்தை ஓய்வு வாரமாக முதலிலேயே குறித்துவிட்டோம். அதனால், தவறவிட்டோம் என்னும் குற்றவுணர்வு எழவில்லை. மூன்று வாரம் ஏறி ஒரு வாரம் இறங்குவதே பயிற்சியாளர்களின் வழக்கமும் ஆகும். விநாயகர் சதுர்த்தியில் அண்டை வீட்டார் அனுப்பிய நெவ்ரிகளையும் ஓரளவோடு உண்டோம்.

முழங்கால் தந்த பாடம்

நடையும் ஓட்டமும் மாறி மாறித் தொடங்கினோம்: இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. ஓரிரு சொற்களே வந்தால் மிகை. கைக்கடிகாரக் கருவிகளைவிட இந்தச் சோதனை எங்களுக்கு உதவியது.

ஆகஸ்டில் உற்சாகம் மிகுந்து, வாரத்திற்கு 10 கிலோமீட்டராக இருந்த ஓட்டம் ஒரே வாரத்தில் 18 ஆனது. மறுவாரம் படியிறங்கும்போது முழங்காலில் வலி தொடங்கியது. ஓட்டத்தை இரண்டு வாரங்கள் நிறுத்தி, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் எளிய பயிற்சிகளைச் செய்த பிறகே அது தணிந்தது. இதயமும் நுரையீரலும் விரைவில் பழகிவிடுகின்றன; தசைநார்களும் மூட்டுகளும் மெல்லவே பழகும். வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்னும் பழைய விதியை அதன்பின் மீறவில்லை. மூன்று திறன்களில் ஒன்று தடைப்பட்டாலும் மற்ற இரண்டும் தொடரலாம் என்பது இவ்விளையாட்டின் நன்மை. முழங்கால் ஓய்ந்திருந்த நாட்களில் நீச்சல் வளர்ந்தது.

மிதிவண்டிக்குப் பணஜியிலிருந்து பழைய கோவா வரையுள்ள சாலையைத் தேர்ந்தோம். போர்ச்சுகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் ரிபந்தர் வரை அமைத்த கரைப்பாலம் மேடு பள்ளமின்றி நீண்டு செல்லும். ஒருபுறம் உப்பளமும் சதுப்பும், மறுபுறம் மாண்டவி ஆறு. பாம் ஜீசஸ் பேராலயத்தைத் தொட்டுத் திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நிறைவாகும். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தது பெரும் மாற்றம் தந்தது. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதளவே வளைந்திருக்க வேண்டும். நம்மில் பலர் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்து முழங்காலை வருத்துகிறோம்.

அக்டோபர் முதல், மிதிவண்டியிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடங்கள் ஓடிப் பழகினோம். இதனைப் பயிற்சியாளர்கள் 'பிரிக்' என்பர். முதன்முறை ஓடும்போது கால்கள் வேறு யாருடையவோ போலக் கனக்கும். சில வாரங்களில் உடல் அந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்கிறது. போட்டி நாளில் அந்த உணர்வு புதிதாக இராது என்பதே இதன் பயன்.

குளமும் கடலும் ஒன்றல்ல

மழைக்காலத்தில் கோவாவின் கடலில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. கரையில் செங்கொடிகள் பறக்கும். அக்டோபர் நடுப்பகுதியில் கடல் அமைதியான பிறகு, உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் வேளையில், கரஞ்சாலெம் கடற்கரையில் முதன்முறை இறங்கினோம். பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் சென்றோம். தனியாகக் கடலில் நீந்துவதில்லை என்பது எங்கள் வீட்டின் மாறாத விதி.

குளத்தில் 750 மீட்டரைக் கடந்திருந்தவர், கடலில் ஐம்பது மீட்டரில் நிலைகுலைந்தார். அடியில் நீலக்கோடு இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை, கலங்கிய நீரில் தன் கையே தெரியவில்லை. ஓர் அலை வாயில் புகுந்ததும் மூச்சு சிக்கியது. கைகள் நீரை அடித்தன. அருகில் நீந்திய ஆசிரியை உரத்த குரலில், 'மல்லாந்து படுங்கள், வானத்தைப் பாருங்கள்' என்றார். அவர் சொன்னவாறே திரும்பிப் படுத்ததும் உடல் மிதந்தது. உப்பு நீர் குளத்து நீரைவிட நன்றாகவே தாங்கும். ஒரு நிமிடத்தில் மூச்சு சீரானது. அன்று அதற்கு மேல் நீந்தவில்லை. கரையில் அமர்ந்து, இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம். 'வேண்டாமென்றால் விட்டுவிடலாம்' என்றார் ஆசிரியை. விடவேண்டாம் என்றே தோன்றியது. ஆனால் அச்சத்தை மறைத்துக்கொண்டு தொடரக் கூடாது என்பதும் புரிந்தது.

அடுத்த ஐந்து வாரங்கள் கடலில் தூரத்தைக் கூட்டவில்லை. அச்சத்தைக் குறைக்கவே பழகினோம். இறங்கியதும் முதல் இரண்டு நிமிடம் மிக மெதுவாக நீந்துதல், மல்லாந்து மிதந்து இளைப்பாறுதல், சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரையில் உள்ள ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறியாகப் பார்த்தல். போட்டியில் எந்த வகை நீச்சலும் நீந்தலாம். தளர்ந்தால் பாதுகாப்புப் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம், அதனை இழுத்து முன்னேறத்தான் கூடாது. இந்த விதியை அறிந்ததே பெரும் ஆறுதல். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது என்பதால், குளிர்நாட்டு வீரர்கள் அணியும் தடித்த நீச்சலுடையும் தேவையில்லை.

போட்டி நாள்

போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம். அன்று அதிகாலை நான்கு மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் மட்டுமே உணவு. போட்டி நாளில் புதிதாக எதையும் உண்ணவோ உடுத்தவோ கூடாது. மிதிவண்டியும் காலணியும் வைக்கும் இடத்தை மாற்றிடம் என்பர். அங்கே ஒரு துண்டை விரித்து, அதன்மேல் தலைக்கவசம், காலணி, எண் பட்டை, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைப் பயன்படுத்தும் வரிசையிலேயே அடுக்கினோம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகே மிதிவண்டியைத் தொட வேண்டும். மறந்தால் தண்டனை உண்டு. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்று காற்றைத் தவிர்ப்பதும் பெரும்பாலான பொதுப் போட்டிகளில் தடை செய்யப்பட்டதே.

நீச்சல் 26 நிமிடங்கள். கூட்டம் முன்னே செல்ல விட்டு, ஓரமாக, கடைசி வரிசையில் தொடங்கியதால் யாருடைய காலும் முகத்தில் படவில்லை. நடுவழியில் ஒருமுறை மூச்சு தடுமாறியது. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்ததும் சீரானது. மாற்றிடத்தில் 5 நிமிடங்கள், மிதிவண்டி 58, மீண்டும் மாற்றிடத்தில் 3, ஓட்டம் 37. ஆகமொத்தம் 2 மணி 9 நிமிடங்கள். முடித்தவர்களின் பட்டியலில் கடைசியிலிருந்து நான்காம் இடம். இறுதி நூறு மீட்டரில் மகன் தடுப்புக்கு வெளியே கூடவே ஓடி வந்தான். 'அப்பா, பின்னால் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள்' என்று அவன் கத்தியதே எங்களுக்குக் கிடைத்த பதக்கம்.

கணக்கு முடிவில்

டிசம்பர் நடுவில் இரத்தப் பரிசோதனை செய்தோம். எச்பிஏ1சி அளவு 5.8. எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. எல்லைக்கோட்டைக் கடந்துவிடவில்லை, இன்னும் அதே வரம்புக்குள்தான் இருக்கிறோம். ஆனால் திசை மாறியிருக்கிறது. 'நிறுத்திவிட்டால் திரும்ப ஏறும்' என்று மருத்துவர் எச்சரித்தார். போட்டி ஒருநாள் நிகழ்ச்சி. அதற்காக ஏற்பட்ட பழக்கமே நிலையான சொத்து என்பதை அப்போது உணர்ந்தோம்.

தொடங்க விரும்பும் பெற்றோருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அடுத்து, உங்கள் வாழ்க்கைத் துணையுடன் அமர்ந்து நேரக் கணக்கை எழுதுங்கள். அவருடைய இசைவு இல்லாத பயிற்சித் திட்டம் ஐந்தாம் வாரத்தைத் தாண்டாது. நீந்தத் தெரியாவிட்டால் நீச்சலிலிருந்தே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்கென விட்டுவிடுங்கள். தவறிய பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்ய முயலாதீர்கள்; தவறியது தவறியதே. வெயில் நாளில் தண்ணீருடன் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலையும் பருகுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

எங்கள் வீட்டில் அது வரவே போகிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் புதிய அட்டவணை ஒட்டப்பட்டுள்ளது. அதன் தலைப்பில் இம்முறை ஆசிரியையின் பெயர். காலை ஐந்தே முக்காலுக்கு அவர் காலணியைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். மதிய உணவு டப்பாக்களை நிரப்புவதும், மகனை எழுப்பிப் பல் துலக்க வைப்பதும், பேருந்து வரும் முன் மகளுக்குச் சடை பின்னுவதும் வங்கி அலுவலரின் பொறுப்பு. சடை இன்னும் நேராக வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறோம்.

வாசகர்கள் அனைவரும் பணத்தைச் சேமிப்பது போலவே உடல் நலத்தையும் சிறுகச் சிறுகச் சேமித்து, அதன் பயனைத் தம் குடும்பத்துடன் நெடுங்காலம் துய்க்க வாழ்த்துகிறோம்.